கணவாய் மையில் மின்சாரம் போகுமா? செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

கணவாய் வாங்கி வீட்டிலேயே சுத்தம் செய்தவர்களுக்கு அந்த மையை நன்றாகத் தெரியும். பை ஓரிடத்தில் கிழிந்தால் போதும், கை, கத்தி, தொட்டி, சட்டை எல்லாம் கறுத்துவிடும். நாலு முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். அந்தக் கறுப்புக்குப் பெயர் மெலனின். நம் தோலிலும் தலைமுடியிலும் இருப்பதும் இதே குடும்பம்தான். இது மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் விதம் வேடிக்கையானது என்பதால், ஐம்பது வருடங்களாக இதன் பின்னால் ஆராய்ச்சியாளர்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

மக்கும் மின்னணுப் பொருட்கள், இயற்கை நிறமிகளில் சென்சார் என்றெல்லாம் படித்துவிட்டு, "நாமும் எதையாவது செய்து பார்க்கலாமே" என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மல்டிமீட்டரை எங்கே வைத்தால் ஓம் காட்டும் என்று தெரிந்தால் போதும். ஆய்வகம் வேண்டாம். பொறுமை வேண்டும், ஃப்ரீசரில் ஒரு மூலை வேண்டும், வீட்டில் இருப்பவர்களின் சம்மதமும் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை நிறமிக்குள் மின்சாரம் போகவைப்பது சுலபம். போனது நிறமி வழியாகத்தானா என்று உறுதி செய்வதுதான் பெரும் பாடு. உப்பு, ஈரம், கைவேர்வை, காகிதம், ஒட்டுவதற்குச் சேர்த்த பிசின் என்று எல்லாமே மீட்டரை ஏமாற்றும். பூச்சாற்றில் இரண்டு கம்பியை விட்டு "பாருங்கள், கடத்துகிறது" என்று காட்டும் வீடியோக்கள் நிறைய. அந்தச் சாற்றில் கடத்துவது உப்பும் அமிலமும். குழாய்த் தண்ணீரில் அதே கம்பியை விட்டாலும் மீட்டர் ஏதாவது காட்டத்தான் செய்யும். ஆகவே கீழே வரும் படிகளில் பாதி, நிறமியைத் தவிர மற்றவற்றை வெளியே தள்ளுவதற்காகவே இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எல்லா நிறமும் ஒரே ரகம் இல்லை

கரி வகைகளை முதலில் வைப்போம். பென்சிலில் இருக்கும் கிராஃபைட், விளக்குப் புகையில் படியும் கரி, எல்லாம் பழங்காலத்து நிறமிகள். இவற்றில் எலக்ட்ரான்களே நேரடியாக ஓடுகின்றன. ஈரம் தேவையில்லை, ஒளி தேவையில்லை. உண்மையான கடத்தி வேண்டுமென்றால் இயற்கை நிறமிகளில் இதுதான் கைகொடுக்கும்.

அவுரியில் கிடைக்கும் நீலம் குறைகடத்தி, அதாவது செமிகண்டக்டர். 2012-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் எரிக் கிளொவாட்ஸ்கி, சரிசிஃப்ட்சி ஆகியோரின் குழு, நீலத்தைக் கொண்டு டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, நீலக்கட்டி கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் கட்டியை இடித்துத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் டிரான்சிஸ்டர் ஆகாது. நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கி, மெல்லிய படலமாகப் படியவைக்க வேண்டும். வீட்டு வேலை அல்ல.

செம்பருத்தி, நாவல்பழம், சங்குப்பூ போன்றவற்றில் இருப்பவை அந்தோசயனின் சாயங்கள். இவை கடத்திகளே அல்ல. டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடிமேல் இவற்றை ஏற்றினால், வெளிச்சம் படும்போது ஓர் எலக்ட்ரானை அந்த ஆக்சைடுக்குள் தள்ளிவிடும். அதை வைத்துச் சிறிய சூரிய மின்கலம் செய்யலாம். நல்ல விளையாட்டு, ஆனால் வேறு விளையாட்டு.

மஞ்சிட்டி வேரில் இருக்கும் பர்புரின் என்ற சிவப்பு இன்னொரு வகை. 2012-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் புலிக்கல் அஜயன் குழுவினர் அதை லித்தியம் மின்கலத்தின் மின்முனைப் பொருளாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். பர்புரின் லித்தியம் அயனிகளைப் பிடித்துவைத்து, பிறகு விடும். தானாகக் கடத்துவதில் அது மந்தம்தான், அதனால் கூடவே கரியும் சேர்ப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வாங்கி வந்து பேட்டரி செய்யலாம் என்று யாராவது சொன்னால், லித்தியம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

மெலனின் இவை எதிலும் முழுதாகச் சேராது. 1974-இல் ஹூஸ்டனில் ஜான் மெக்கின்னஸ், பீட்டர் காரி, பீட்டர் பிராக்டர் என்ற மூவர், மெலனினை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஓர் அளவைத் தாண்டியதும் அதன் தடை சட்டென்று விழுந்தது, ஒரு சுவிட்சைப் போல. அந்தக் கருவி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. அதன் பிறகு வெகுகாலம் மெலனினை ஒழுங்கற்ற குறைகடத்தி என்றே விளக்கி வந்தார்கள். 2012-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. மெலனின் ஈரத்தை உறிஞ்சும்போது அதற்குள் ஒரு வேதிச் சமநிலை நகர்கிறது, புரோட்டான்கள் விடுபடுகின்றன, அவையும் மின்சாரத்தைச் சுமக்கின்றன. காய்ந்த மெலனின் கிட்டத்தட்ட மின்காப்பி, அதாவது மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் ஏறினால் அதன் கடத்துதிறன் பல ஆயிரம் மடங்கு கூடும்.

அப்படியென்றால் இதை வைத்து ஒயர் செய்ய முடியாது. ஈரப்பதம் அறியும் சென்சார் செய்யலாம். அதைத்தான் செய்யப்போகிறோம்.

படி 1: வாங்க வேண்டியவை

மல்டிமீட்டர். விலை குறைந்த மீட்டர்களில் ஓம் அளவு 2 மெகா ஓமோடு நின்றுவிடும். நமக்கு அது போதாது, ஆனால் புது மீட்டர் வாங்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, படி 7-இல் சொல்கிறேன்.

டிடிஎஸ் பேனா. வீட்டில் ஆர்ஓ இயந்திரம் மாட்ட வருபவர் தண்ணீரில் விட்டுக் காட்டுவாரே, அதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். இந்த வேலையில் மல்டிமீட்டரைவிட எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஐந்து லிட்டர். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். வாங்கியதும் டிடிஎஸ் பேனாவை விட்டுப் பாருங்கள். ஐந்துக்கு மேல் காட்டினால் வேறு கேன் வாங்குங்கள். நான் வாங்கிய முதல் கேன் குழாய்த் தண்ணீருக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. ஆர்ஓ தண்ணீர் இதற்கு உதவாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும்.

நிறமில்லாத வெள்ளை வினிகர் ஒரு பாட்டில், 8பி பென்சில் ஒன்று, ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) இரண்டு, நுண்ணிய உப்புத்தாள் ஒன்று (பெயரில்தான் உப்பு, பயப்பட வேண்டாம்), அலுமினியத் தாள், முதலை கிளிப் வைத்த ஒயர்கள், அகல வாய் ஊறுகாய் பாட்டில் இரண்டு, கையுறை, மெல்லிய தூரிகை, ஒரு பென்டார்ச் செல். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இனித் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள்.

படி 2: கரியில் கை பழகுங்கள்

நேராகக் கணவாய்க்குப் போகாதீர்கள். கடத்தும் நிறமி என்றால் மீட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காகிதத்தில் 8பி பென்சிலால் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு அழுத்தி, தடிமனாக ஒரு பட்டை தீட்டுங்கள். இரண்டு முனையிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். சில ஆயிரம் ஓம் காட்டும், மெலிதாகத் தீட்டியிருந்தால் சில பத்தாயிரம். கவனிக்க வேண்டியது எண்ணை அல்ல, எண் நிற்கும் விதத்தை. கை ஆடாமல் பிடித்தால் அது அசையாமல் நிற்கும். முனைகளை மாற்றி வைத்தாலும் அதே எண். எலக்ட்ரான் ஓடினால் இப்படித்தான் இருக்கும்.

இப்போது ஒரு சிட்டிகை உப்புக் கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, அதில் இரண்டு முனைகளையும் குத்துங்கள். எண் நிற்காது, ஊர்ந்துகொண்டே போகும். முனைகளை மாற்றினால் வேறொரு எண்ணிலிருந்து தொடங்கும். அயனிகள் நகர்ந்து மின்முனையருகே குவிவதால் வரும் கூத்து இது. இந்த இரண்டு நடத்தையும் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆசை இருந்தால் கரித்துண்டுகளையும் சோதித்துப் பாருங்கள். அடுப்பில் அரைகுறையாக வெந்த விறகுக்கரி பெரும்பாலும் கடத்தாது. நன்றாகக் கனன்று வெந்த கரித்துண்டில் மீட்டர் தெளிவாக ஓர் எண்ணைக் காட்டும். இரண்டும் கறுப்புதான். சுமார் 700 டிகிரிக்கு மேல் வெந்த கரியில்தான் கிராஃபைட் போன்ற அடுக்குகள் போதிய அளவு உருவாகி ஒன்றையொன்று தொடுகின்றன. கரியில் மை செய்ய நினைப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். கருவேலம்பிசினைக் குறைவாகவும் கிராஃபைட் தூளை அதிகமாகவும் போடுங்கள். பிசின் கூடிவிட்டால் துகள்கள் தனித்தனித் தீவாகிவிடும், மை அழகாகப் பளபளக்கும், ஆனால் கடத்தாது.

படி 3: மின்முனைப் பட்டைகள்

ஓஎச்பி ஷீட்டை விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். வழுவழுப்பான ஷீட்டில் பென்சில் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்து, தூசியை டிஸ்டில்டு வாட்டரில் அலசிக் காயவையுங்கள். இதற்குமேல் வெறுங்கையால் தொட வேண்டாம். விரல் ரேகையில் இருக்கும் வேர்வை உப்பு ஒன்றே போதும், அத்தனை உழைப்பையும் பாழாக்கிவிடும்.

ஒவ்வொரு துண்டிலும் இரண்டு இணையான தடித்த கோடுகளைப் பென்சிலால் தீட்டுங்கள். நீளம் ஐந்து சென்டிமீட்டர், நடுவில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் அலுமினியத் தாளை மடித்து வைத்து, அதன்மேல் கிளிப்பைப் போடலாம். கடையில் கிடைக்கும் மழை சென்சார் பலகையில் சீப்பு மாதிரி உலோகக் கோடுகள் தயாராக இருக்குமே, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். ஒரு நாள் விளையாட்டுக்குச் சரி. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் அந்த உலோகம் அரிக்கத் தொடங்கும், கரைந்த உலோக அயனிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். பென்சில் அரிக்காது.

இரண்டு கோடு போட்ட இந்தத் துண்டைத்தான் இனிப் பட்டை என்கிறேன். இப்படி ஒரே மாதிரி ஆறு பட்டைகள் செய்யுங்கள். இரண்டு பழுதாகும், அது கணக்கில் உண்டு.

படி 4: மை எடுப்பது

ஓட்டுக்கணவாய் கேளுங்கள், சுத்தம் செய்யாததாக. சுத்தம் செய்து அடுக்கியிருப்பதில் மைப்பை போயிருக்கும். ஊசிக்கணவாயிலும் மை உண்டு, ஆனால் பை சிறியது. வாங்கும்போதே பையைக் கிழிக்காமல் எடுத்துத் தரச் சொன்னால் மீன் வெட்டுபவர் ஒரு மாதிரி பார்ப்பார். எங்கள் ஊர் அக்கா, "எதுக்கு சார், கண்ணுக்கு மை போடவா?" என்றார். ஆனால் நான் ஒரு மணி நேரம் திணறியதை அவர் பத்து விநாடியில் எடுத்துக் கொடுத்தார்.

நீங்களே எடுப்பதென்றால், ஓடு இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்து, மறுபக்கத் தோலை நீளவாக்கில் மேலோட்டமாகக் கீறுங்கள். கீழ்நுனிப் பக்கம் வெள்ளிப் பளபளப்போடு, சின்னப் பேரிக்காய் வடிவில் ஒரு பை தெரியும். அதன் கழுத்தை நூலால் கட்டிவிட்டு வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் ஓட்டை எறிய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது அதைத்தான்.

பையை அப்படியே ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மை கெட்டியாகும், சிந்தாமல் வழிக்கலாம். சமையலுக்கென்று பொட்டலத்தில் வரும் கணவாய் மை இதற்கு ஆகாது. அதில் உப்பும், கெட்டிப்படுத்தும் பொருளும் கலந்திருக்கும். மீன், நண்டு, கணவாய் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் படியை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

படி 5: கழுவுதல்

இதுதான் மொத்த வேலையின் உயிர். மூன்று நான்கு நாள் ஆகும்.

கணவாய் மை என்பது சுத்தமான மெலனின் அல்ல. 150 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள மெலனின் உருண்டைகள், கூடவே புரதம், சளி, கடல் உப்பு. நமக்கு உருண்டைகள் மட்டும் போதும்.

மையை அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, உயரமான பாட்டிலில் ஊற்றி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கறுப்பு அடியில் இறங்கியிருக்கும். மேலே நிற்பதைக் கிளறாமல் ஊற்றிவிட்டு, மறுபடி டிஸ்டில்டு வாட்டர். ஊற்றும் தண்ணீரில் டிடிஎஸ் பேனாவை விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண் பயமுறுத்தும். அடுத்தடுத்த கழுவலில் சரசரவென்று இறங்கும்.

மூன்றாவது நான்காவது கழுவலில் ஒரு விஷயம் நடக்கும். மை அடியில் இறங்க மறுக்கும். இரண்டு நாள் வைத்தாலும் பாட்டில் முழுக்கக் கறுப்பாகவே நிற்கும். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நான் முதல் தடவை அத்தனையையும் கொட்டிவிட்டேன். உண்மையில் அது நல்ல சகுனம். மெலனின் உருண்டைகள் எல்லாவற்றின் மேற்பரப்பிலும் ஒரே வகை மின்னூட்டம், எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருக்கிறது, அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பு இருக்கும்வரை அந்தத் தள்ளல் மறைக்கப்பட்டிருந்தது, உருண்டைகள் கூடி அடியில் இறங்கின. உப்பு போனதும் தள்ளல் முழு வலுவோடு வந்து, அவற்றை மிதக்கவைக்கிறது. மை மிதந்தால் உப்பு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி அதை இறக்குவது எப்படி? கால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் விடுங்கள். அமிலம் அந்த எதிர் மின்னூட்டத்தைத் தணித்துவிடும், மை திரிதிரியாகச் சேர்ந்து இறங்கும். இதற்கு எலுமிச்சையைப் பிழியாதீர்கள். எலுமிச்சையின் அமிலம் காய்ந்த பின்னும் படலத்திலேயே தங்கிவிடும். வினிகர் ஆவியாகிப் போய்விடும். வினிகர் கலந்த டிஸ்டில்டு வாட்டரிலேயே இன்னும் இரண்டு மூன்று முறை கழுவுங்கள்.

வினிகரே டிடிஎஸ் எண்ணைக் கூட்டுமே, எப்போது நிறுத்துவது? மை சேராத டிஸ்டில்டு வாட்டரில் அதே அளவு வினிகர் விட்டு, அதன் டிடிஎஸ்ஸைத் தனியாகப் பாருங்கள். கழுவிய தண்ணீரின் எண் அதற்கு மிக அருகில் வந்துவிட்டால் போதும். கடைசியாக ஊற்றும் தண்ணீரில் இரண்டு மூடி அளவை எறியாமல் ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு இத்தனை இரவுகள் வேண்டாம். ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றி அடியில் இறக்கும் கருவி) இருந்தால் அரை நாளில் முடியும். மெலனின் கால்சியம், மக்னீசியம் போன்ற உலோகங்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். அதையும் விடுவிக்க அங்கே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

படி 6: பூசுதல், கூடவே பொய்ச்சாட்சிகள்

அடியில் நிற்கும் கறுப்புச் சேற்றைக் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டரில் தளர்த்தி, மெல்லிய தூரிகையால் இரண்டு பென்சில் கோடுகளுக்கு நடுவே பூசுங்கள். மெலிதாகப் பூசுங்கள், காயட்டும், மறுபடி பூசுங்கள். மூன்று பூச்சுப் போதும். ஒரே தடவையில் தடிமனாகப் போட்டால் கோடைக்காலத்து ஏரி மாதிரி வெடித்துவிடும். வெடிப்பைத் தடுக்கப் பிசின் சேர்க்கத் தோன்றும். பிசினும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இந்த முறை வேண்டாம்.

இது முதல் பட்டை. இரண்டாவது பட்டையில் எதையும் பூசாமல் பென்சில் மட்டும் விடுங்கள். மூன்றாவதில், எடுத்து வைத்த கடைசிக் கழுவல் தண்ணீரை அதே மாதிரி மூன்று முறை பூசிக் காயவையுங்கள். எல்லாவற்றையும் இரண்டு நாள் காற்றில் விடுங்கள், வினிகர் வாசனை முழுதாகப் போகட்டும்.

மூன்றாவது பட்டையைத்தான் பலர் செய்வதில்லை. என் முதல் முயற்சியில் கழுவலை இரண்டு முறையோடு நிறுத்திவிட்டேன். மைப் பட்டையில் ஊதியதும் தடை மளமளவென்று இறங்கியது, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஏதோ சந்தேகத்தில் கழுவிய தண்ணீரை மட்டும் பூசிப் பார்த்தேன். அதுவும் அதே அளவுக்கு இறங்கியது. நான் கண்டுபிடித்தது கடல் உப்பை.

படி 7: அளப்பது

ஒரு ஊறுகாய் பாட்டிலின் அடியில் சிலிக்கா ஜெல். இன்னொன்றின் அடியில் சமையல் உப்பைப் போட்டு, கொழகொழவென்று ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள், கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடிவைத்தால் அந்தப் பாட்டிலுக்குள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். 25 டிகிரியில் கொஞ்சம் முன்பின் போனாலும் பெரிதாக மாறாது. சென்சார் செய்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மலிவான அளவுகோல் இது. இவ்வளவு நேரம் விரட்டிய உப்பு இங்கே நமக்கு வேலை செய்கிறது, ஆனால் பட்டையைத் தொடாமல்.

மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே விட்டு, மெழுகால் அடையுங்கள். பட்டையைக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். ஓர் இரவாவது இருக்கட்டும். அவசரப்பட்டு ஊதிப் பார்த்தால் எண் இறங்கும், உற்சாகமாகவும் இருக்கும், ஆனால் மூச்சில் எவ்வளவு ஈரம் என்று யாருக்குத் தெரியும்?

குறுக்குவழி என்றேனே, அது இதுதான். மீட்டரை ஓமில் வைக்காமல் டிசி வோல்ட்டில் வையுங்கள். செல்லின் ஒரு முனையிலிருந்து பட்டைக்கு, பட்டையின் மறுபக்கத்திலிருந்து மீட்டருக்கு, மீட்டரிலிருந்து செல்லின் மறுமுனைக்கு ஒயர். மீட்டருக்குள் ஏற்கெனவே ஒரு தடை இருக்கிறது. விலை குறைந்த மீட்டர்களில் பெரும்பாலும் 1 மெகா ஓம், நல்ல மீட்டர்களில் 10 மெகா ஓம், கூட வரும் தாளில் போட்டிருக்கும். செல்லின் மின்னழுத்தத்திலிருந்து மீட்டர் காட்டுவதைக் கழித்து, மீட்டர் காட்டுவதால் வகுத்து, மீட்டரின் தடையால் பெருக்கினால் பட்டையின் தடை வந்துவிடும். செல் 1.5 வோல்ட், மீட்டர் காட்டுவது 0.1 வோல்ட், மீட்டரின் தடை 1 மெகா ஓம் என்றால், பட்டை 14 மெகா ஓம். மீட்டர் 1.5 மில்லிவோல்ட் காட்டினால் சுமார் 1000 மெகா ஓம். ஓமில் வைத்தால் அளவு மீறிவிட்டது என்று வெறும் "ஓஎல்" காட்டும் இடத்தில் இப்படி உருப்படியான எண் கிடைக்கும்.

9 வோல்ட் பேட்டரி போட்டால் எண் பெரிதாக வருமே என்று தோன்றும். வேண்டாம். மின்னழுத்தம் கூடக்கூட ஈரத்திலுள்ள தண்ணீரே பிரியத் தொடங்கும், பிறகு அளப்பது வேறு எதையோ. செல்லையும் எப்போதும் இணைத்தே வைக்காதீர்கள். இணைத்து ஐந்தாவது விநாடியில் எண்ணைக் குறியுங்கள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள், கழற்றிவிடுங்கள்.

எண்களைப் படிப்பது எப்படி

மூன்று பட்டைகளையும் முதலில் சிலிக்கா ஜெல் பாட்டிலில், பிறகு உப்புப் பாட்டிலில் அளந்து ஆறு எண்களை எழுதுங்கள்.

வெறும் பென்சில் பட்டையே ஈரத்தில் பெரிதாக மாறினால் உங்கள் ஷீட் அழுக்கு, அல்லது கையால் தொட்டிருக்கிறீர்கள். படி 3-க்குத் திரும்புங்கள். கழுவல் தண்ணீர் பூசிய பட்டை மைப்பட்டையோடு போட்டி போட்டால் இன்னும் உப்பு இருக்கிறது, படி 5-க்குத் திரும்புங்கள். சமையல் உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கரைய ஆரம்பிக்கும். அதனால்தான் கடல் உப்பு மிச்சமிருந்தால் மழை நாளில் மீட்டர் தாறுமாறாக ஆடுகிறது.

இந்த இரண்டு பட்டைகளும் கிட்டத்தட்ட அசையாமல், மைப்பட்டை மட்டும் காய்ந்தபோது ஒன்றும் காட்டாமல், ஈரத்தில் தெளிவாக இறங்கினால் வாழ்த்துகள், நீங்கள் பார்ப்பது மெலனின். ஐந்தாவது விநாடி எண்ணையும் ஒரு நிமிட எண்ணையும் ஒப்பிடுங்கள். பென்சில் கோடு மாதிரி நிற்காது, ஊரும். மெலனினில் புரோட்டானும் சேர்ந்தே ஓடுகிறது என்பதால் அப்படித்தான் ஊர வேண்டும். எலக்ட்ரானின் பங்கு எவ்வளவு, புரோட்டானின் பங்கு எவ்வளவு என்று இந்த ஊறுகாய் பாட்டிலால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு மாறுமின்னோட்டத்தில் அளக்கும் கருவிகள் வேண்டும். அர்டுயினோ தெரிந்தவர்கள் இரண்டு பின்களை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கி, சில மில்லி விநாடிக்கு ஒரு முறை திசையைத் திருப்பி அளந்தால், ஊர்வது பெருமளவு குறையும். சென்சாராகப் பயன்படுத்துவதற்கும் அதுதான் சரியான வழி.

இதற்கு மேல்

இதே மையை வைத்து வெளியே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்து எதைப் படிப்பது என்று புரியும். 2013-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் பெட்டிங்கரின் குழு, கணவாய் மெலனினை மின்முனையாக வைத்து நீரில் இயங்கும் சோடியம் அயனி மின்கலம் செய்தது. விழுங்கக்கூடிய மருத்துவக் கருவிகளுக்குச் சக்தி கொடுப்பது அவர்கள் எண்ணம். உப்பு இங்கே எதிரி அல்ல, சோடியம்தான் வேலைக்காரன். கனடாவின் மாண்ட்ரியலில் கிளாரா சான்டாட்டோவின் குழு, இந்த மெலனினை அச்சு மையாக்கி நெகிழும் படலங்களில் அச்சடித்து அதன் மின்பண்புகளை ஆராய்ந்து வருகிறது.

"இயற்கையானது, அதனால் சட்டென்று மக்கிவிடும்" என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவ மைப்பைகளில் இருந்த மெலனினைச் சோதித்து, இன்றைய கணவாய் மையோடு அது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. இவ்வளவு பிடிவாதமான பொருள் பூந்தொட்டியில் ஒரு மாதத்தில் என்ன ஆகும் என்று நீங்களே பார்க்கலாம். மெலனின் பூசிய ஷீட் துண்டு ஒன்றையும், அதே மையைப் பூசிய பருத்தித் துணித் துண்டு ஒன்றையும் மண்ணில் புதைத்துவிட்டு, மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஓஎச்பி ஷீட் பிளாஸ்டிக், அது மக்கப்போவதில்லை. மக்கும் சென்சார் வேண்டுமென்றால் அடுத்து மாற்ற வேண்டியது நிறமியை அல்ல, ஷீட்டை.

மீதி மையை டப்பாவில் போட்டு, பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள், வீட்டில் யாராவது மசாலா என்று நினைத்துவிடக் கூடாது. புதைத்த இடத்தில் தேதி எழுதிய குச்சி ஒன்றையும் நடுங்கள். நான் நடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டு தொட்டிகளைத் தோண்டியதில் கிடைத்தது ஒரு கரண்டி மட்டும்.